பெயர் ஒன்று, ஆள் பலர்: தமிழ் இலக்கிய வரலாற்றில் பெயரொற்றுமைச் சிக்கல்

ஔவையார் ஒருவரா, பலரா என்ற கேள்வி தமிழ் இலக்கிய வரலாறு எழுதப்புகுந்த ஒவ்வொருவரையும் எதிர்கொண்டிருக்கிறது. கபிலர், பரணர், நக்கீரர், கல்லாடர், பெருந்தேவனார், பட்டினத்தார், அகத்தியர் ஆகிய பெயர்களுக்கும் அதே கேள்வி உண்டு. இவற்றில் ஏதேனும் ஒரு பெயரைத் தாங்கிய நூல்களை ஓரிடத்தில் குவித்தால், அவற்றுக்கிடையே ஐந்நூறு ஆண்டும் ஆயிரம் ஆண்டும் இடைவெளி விழுகிறது. மொழி மாறுகிறது, யாப்பு மாறுகிறது, வணங்கும் தெய்வம் மாறுகிறது. பெயர் மட்டும் மாறவில்லை.

இந்தச் சிக்கலின் விளைவு பெரியது. இருவரை ஒருவர் என்று கொண்டால், பிற்கால நூல் ஒன்று சங்க காலத்துக்கு ஏறிவிடும். அல்லது சங்கப் பாடல்கள் பல்லவர் காலத்துக்கு இறங்கிவிடும். அந்தப் புலவர் பாடிய அரசர்களும், அவர்களோடு பொருத்தப்பட்ட பிற அரசர்களும் சேர்ந்து நகர்வார்கள். தமிழின் காலக்கணக்கில் நிகழ்ந்த பூசல்கள் பலவற்றின் அடியில் இப்படியொரு பெயர்ப் பொருத்தம் இருந்திருக்கிறது.

ஒரே பெயர் பலருக்கு அமைவதற்குக் காரணங்கள் வேறுவேறு. முதலாவது, பெயர் பலரும் வைத்துக்கொள்ளும் பொதுப்பெயராக இருப்பது. இரண்டாவது, முன்னோர் ஒருவர்மீதுள்ள மதிப்பால் அவர் பெயரைப் பின்வந்தவர் தாமே சூடிக்கொள்வதோ, பிறர் அவருக்குச் சூட்டுவதோ. மூன்றாவது, யாரோ எழுதிய நூலைப் புகழ்பெற்ற பழம்பெயர் ஒன்றின்மேல் ஏற்றிவிடுவது. முதல் வகையில் இரண்டு ஆட்கள் உண்மையாகவே இருந்தார்கள், இருவருக்கும் தொடர்பில்லை. இரண்டாம் வகையிலும் ஆட்கள் இருந்தார்கள்; ஆனால் பின்னவர் முன்னவரை நினைத்தே அப்பெயரோடு நின்றார். மூன்றாம் வகையில் நூல் இருக்கிறது, எழுதியவர் பெயர் மறைந்துபோயிற்று. ஆய்வில் நேர்ந்த குழப்பங்களில் பெரும்பகுதி இம்மூன்றையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்ததால் வந்தது.

சங்கத் தொகைகளின் முன்னெச்சரிக்கை

சங்கத் தொகைகளில் உள்ள பாடல்கள் 2381 என்றும், பெயர் தெரிந்த புலவர்கள் 473 பேர் என்றும் கணக்கிடுவது வழக்கம். அந்தப் பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் கண்ணன், கீரன், சாத்தன், நாகன், பூதன், தேவன், கொற்றன் என ஒரு சிறு பெயர்க் கூட்டமே திரும்பத் திரும்ப வருவது தெரியும். அன்றைய தமிழகத்தில் இவை வீதிதோறும் கேட்ட பெயர்கள். ஆகவே பாடல்களைத் தொகுத்து அடிக்குறிப்பு எழுதியவர்கள் பெயரை மட்டும் எழுதி நிறுத்தவில்லை. ஊர், தொழில், தந்தை பெயர், குடி, உடலடையாளம் என ஏதேனும் ஒன்றை முன்னால் சேர்த்தார்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றால் ஊரும் துணி வணிகமும் தெரிந்துவிடும். உறையூர் மருத்துவன் தாமோதரனார், மதுரை அளக்கர் ஞாழார் மகனார் மள்ளனார், மதுரை மருதன் இளநாகனார் என்ற பெயர்களும் அவ்வாறே. தொல், இளம், பெரும், வன் என்ற முன்னொட்டுகளும் இந்த வேலையைச் செய்தன. கபிலர் இருக்கத் தொல்கபிலர் என்று ஒருவர் தனியே சுட்டப்படுகிறார்; பரணர் இருக்க வன்பரணர் இருக்கிறார்.

அரச குடும்பத்துப் புலவர் இருவரை வேறுபடுத்திய முறை இன்னும் அழகானது. பெருங்கடுங்கோ, இளங்கடுங்கோ என்ற பெயர்களோடு அவர்கள் சிறந்து பாடிய திணையையே சேர்த்து, பாலை பாடிய பெருங்கடுங்கோ, மருதம் பாடிய இளங்கடுங்கோ என்றார்கள். பெயரே தெரியாத புலவர்களுக்குப் பாடலில் வந்த ஒரு தொடரைப் பெயராக்கினார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், விட்டகுதிரையார் என்பவை அப்படிப் பிறந்தவை. பெயரற்ற இருவர் ஒருவராகிவிடக் கூடாது என்ற கவனம் இதில் இருக்கிறது.

அரசர் பெயர்களில் இந்தக் கவனம் இன்னும் கூர்மையாகிறது. நெடுஞ்செழியன் என்ற பெயருடைய பாண்டியருள் ஒருவன் ஆரியப்படை கடந்தவன், மற்றொருவன் தலையாலங்கானத்துச் செருவென்றவன். வெற்றியால் பிரிக்க முடியாதபோது இறந்த இடத்தால் பிரித்தார்கள். இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் ஒருவன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் ஒருவன். சோழருள் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனும் குராப்பள்ளித் துஞ்சிய கிள்ளிவளவனும் இருக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது இவர்களை யாரும் இப்படி அழைத்திருக்க முடியாது. இவை பிற்காலத் தொகுப்பாளர் இட்ட அடையாளங்கள்; அரசர் வரலாற்றைக் குழப்பாமல் காக்க அவர்கள் எடுத்த முயற்சி. இன்று முதலாம் குலோத்துங்கன், மூன்றாம் குலோத்துங்கன் என்று எண்ணிட்டு எழுதுவது அண்மைக்கால வரலாற்றாசிரியர் வழக்கம். சோழர் தம்மை எண்ணிக்கொள்ளவில்லை. எண்ணைவிட, துஞ்சிய இடம் அந்த மனிதனைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்கிறது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

அடைமொழியும் எல்லா வேளையும் கைகொடுப்பதில்லை. ஆலங்குடி வங்கனார் என்றால் எந்த ஆலங்குடி என்ற கேள்வி எழுகிறது. திருவாரூர் வட்டாரத்தில் ஓர் ஆலங்குடியும் புதுக்கோட்டைப் பகுதியில் ஓர் ஆலங்குடியும் இன்றும் உள்ளன. மாங்குடி என்ற பெயரும் பல ஊர்களுக்கு உண்டு. ஆளை அடையாளம் காட்ட வந்த ஊரே இன்னோர் ஊரோடு பெயரால் கலந்துவிடுகிறது. அதனால்தான் புலவர்களைத் தத்தம் மாவட்டத்துக்கு உரியவராக்கிக்கொள்ளும் கட்டுரைகளை எச்சரிக்கையோடு படிக்க வேண்டியிருக்கிறது.

பெயருக்கு முன்னால் ஊரையும் தந்தையையும் வைக்கும் பழக்கம் தமிழரிடம் மறையவில்லை. தலைப்பெழுத்து அதன் இன்றைய வடிவம். திரு.வி. கல்யாணசுந்தரனார் (1883-1953), பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் (1930-1959) என்ற இருவரை யாரும் குழப்பிக்கொள்ளாதது அந்த முன்னொட்டுகளால்தான். பாரதி என்ற பட்டம் கோபாலகிருஷ்ணர், சுப்பிரமணியர், சோமசுந்தரர், சுத்தானந்தர் என நால்வர் பெயரிலும் ஒட்டியிருக்க, இயற்பெயர் அவர்களைப் பிரித்துக் காட்டுகிறது.

ஔவையார்

பெயரொற்றுமைச் சிக்கலின் நடுப்புள்ளி ஔவையார். சங்கத் தொகைகளில் இப்பெயரில் 59 பாடல்கள் உள்ளன: புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. இவற்றில் வெளிப்படும் புலவர் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் அவையில் நெருங்கிப் பழகியவர். அவனிடம் அரிய நெல்லிக்கனியைப் பெற்றவர். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர். அவன் இறந்தபோது கையறுநிலை பாடியவர். அந்தக் கையறுநிலைப் பாட்டில் அவன் கள்ளைத் தன்னோடு பகிர்ந்ததையும், எலும்போடு கூடிய ஊனைத் தனக்கு ஈந்ததையும் நினைத்து உருகுகிறார். அவரைக் கிழவி என்று கொள்ளப் பாடல்களில் ஆதாரம் இல்லை.

ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி ஆகியவற்றின் ஆசிரியரும் ஔவையாரே. இவை பிள்ளைகளுக்கும் இல்லறத்தாருக்கும் சொன்ன நீதிகள். கொன்றைவேந்தன் ஊனுணவைக் கடிகிறது. கொன்று தின்னாமையையே நோன்பு என்கிறது. அதியமானோடு ஊனும் கள்ளும் பகிர்ந்த பாடினி முதுமையில் மனம் மாறினார் என்று விளக்கம் சொன்னவர்களும் உண்டு. அந்த விளக்கத்துக்கு நல்வழியின் இறுதி வெண்பா இடம் தரவில்லை. அது திருக்குறளையும் மறைமுடிவையும் தேவார மூவர் தமிழையும் திருக்கோவையாரையும் திருவாசகத்தையும் திருமூலர் சொல்லையும் ஒரே கருத்துடையன என்று வரிசைப்படுத்துகிறது. மூவருள் அப்பரும் சம்பந்தரும் ஏழாம் நூற்றாண்டினர். மாணிக்கவாசகரை ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டி வைப்பது பெரும்பான்மை வழக்கு. ஆகவே நல்வழி அதற்குப் பிற்பட்டது. அதியமான் காலத்துக்கும் அதற்கும் இடையே குறைந்தது எழுநூறு ஆண்டு இருக்கிறது. ஒரு வெண்பா இத்தனை தெளிவாக ஒரு வழக்கைத் தீர்த்துவைப்பது தமிழ் ஆய்வில் அரிது.

விநாயகர் அகவலும், 310 குறட்பாக்கள் கொண்ட ஔவை குறளும் மூன்றாவது குரல். குண்டலினி, ஆதாரங்கள், மூச்சை அடக்குதல் என யோக நெறி பேசும் நூல்கள் இவை. சங்கப் பாடல்களில் விநாயக வழிபாடே இல்லை. இந்த அகவலைப் பாடிய ஔவையைச் சுந்தரரோடும் சேரமான் பெருமாளோடும் இணைத்து, விநாயகர் அவரைத் தும்பிக்கையால் தூக்கிக் கயிலையில் சேர்த்தார் என்ற கதை வழங்குகிறது. இவற்றுக்கு அப்பால் கம்பரோடும் ஒட்டக்கூத்தரோடும் சொற்போர் நிகழ்த்தும் ஔவை ஒருவர் இருக்கிறார். தனிப்பாடல் திரட்டிலும் தமிழ் நாவலர் சரிதையிலும் வாழும் அவர் ஊர்ஊராகச் சென்று கூழுக்கும் பாடுபவர்.

ஆய்வாளர்கள் ஔவையாரை இருவர், மூவர் என்று எண்ணத் தொடங்கி ஆறுவரை சென்றிருக்கிறார்கள். இவ்வெண்ணிக்கைகளில் எதையும் உறுதியாகக் கொள்வது கடினம். நீதிநூல் ஆசிரியரும் யோக நூல் ஆசிரியரும் வேறு என்று சொல்ல, உள்ளடக்க வேறுபாடு மட்டும் போதாது. ஒருவரே இருவகை நூலும் எழுதலாம். நூல்களைக் காலத்தில் நிறுத்துவது முடியும். ஆட்களை எண்ணுவது அப்படியல்ல. இலக்கிய வரலாற்றுக்கு வேண்டியது முன்னது. ஔவை என்ற சொல் மூத்த பெண்ணை மதித்து அழைக்கும் சொல்லாக இருந்ததால், அறிவும் முதுமையும் உடைய எந்தப் பெண்புலவரையும் ஊரார் அப்பெயரால் அழைத்திருக்க இடமுண்டு. அப்போது பெயரே ஒரு பட்டமாகிவிடுகிறது.

மக்கள் மனத்தில் இவர்கள் அனைவரும் ஒருவரே. எஸ். எஸ். வாசன் தயாரிப்பில் கே. பி. சுந்தராம்பாள் நடித்து 1953-இல் வெளிவந்த ஔவையார் படம் அந்த ஒருமையைத் திரையில் நிலைநாட்டியது. பிள்ளையாரை வேண்டி முதுமை பெறும் பெண், பாரி மகளிருக்கு மணம் முடிப்பவர், அரசருக்கு அறம் சொல்பவர் என எல்லா ஔவையும் அதில் ஓருடலில் வாழ்கிறார்கள். இது பழைய வழக்கின் தொடர்ச்சி. கபிலர் பெயரில் வழங்கும் கபிலர் அகவல், ஆதி - பகவன் என்ற பெற்றோருக்குப் பிறந்த எழுவராக ஔவை, உப்பை, உறுவை, வள்ளி, அதியமான், வள்ளுவர், கபிலர் ஆகியோரைச் சொல்கிறது. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று வாதிடும் அந்நூல், புகழ்பெற்ற பெயர்களை ஒரே குடும்பமாக்கி வெவ்வேறு சாதி வீடுகளில் வளரவிடுகிறது. வரலாறாக அது நிற்காது. ஆனால் தமிழர் எந்தப் பெயர்களைத் தம் அறத்தின் முகங்களாகக் கருதினார்கள் என்பதை அதைப்போல் காட்டும் நூல் வேறில்லை.

கபிலரும் பதினோராம் திருமுறையும்

சங்கக் கபிலர் இருநூறுக்கு மேற்பட்ட பாடல்களுக்கு உரியவர். குறிஞ்சிப்பாட்டும், ஐங்குறுநூற்றின் குறிஞ்சி நூறும், செல்வக் கடுங்கோ வாழியாதனைப் பாடிய பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தும் அவருடையவை. பறம்புமலைப் பாரியின் நண்பர். பாரி இறந்தபின் அவன் மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்து வடக்கிருந்தார் என்று புறநானூற்றுக் குறிப்பு சொல்கிறது. திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு ஒன்று, பாரியின் மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்கிறது. ஒரே ஆளைப்பற்றி இரு மரபுகள் இவை; பெண்ணையாற்றில் உள்ள கபிலர் குன்று இன்றும் காட்டப்படுகிறது. பாரி மகளிர் மணத்தைப் பிற்காலத் தனிப்பாடல்கள் ஔவையின் கையில் கொடுத்துவிட்டன.

பதினெண்கீழ்க்கணக்கில் உள்ள இன்னா நாற்பதின் ஆசிரியரும் கபிலர் எனப்படுகிறார். சிவன், பலராமன், திருமால், முருகன் என நால்வரைத் தொழாமையைத் துன்பம் என்று தொடங்கும் அந்நூலின் வெண்பா நடையும் அறம் கூறும் முறையும் பறம்பு பாடியவருக்குப் பிற்பட்டவை. பதினோராம் திருமுறையில் கபிலதேவ நாயனார் வருகிறார். அவர் பாடிய மூத்த நாயனார் திருவிரட்டை மணிமாலை பிள்ளையார் மீது அமைந்தது; அந்த ஒன்றே அவரைச் சங்கக் கபிலரிடமிருந்து பிரித்துவிடும்.

அந்தத் திருமுறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நம்பியாண்டார் நம்பியோடு தொடர்புடைய அத்தொகுப்பில் பன்னிருவர் பாடிய நாற்பது நூல்கள் உள்ளன. அவர்களுள் நக்கீரதேவ நாயனார், கல்லாடதேவ நாயனார், கபிலதேவ நாயனார், பரணதேவ நாயனார் என நால்வர் அடுத்தடுத்து நிற்கிறார்கள். நான்கும் சங்கப் புலவர் பெயர்கள். ஒருவருக்கு அப்படிப் பெயர் அமைந்தால் தற்செயல் எனலாம். நால்வருக்கும் சேர்ந்து அமைவது தற்செயலாகாது. சங்கப் புலவர் மதுரைச் சிவபெருமானோடு அமர்ந்து தமிழ் ஆய்ந்தவர்கள் என்ற நம்பிக்கை அதற்குள் வேரூன்றிவிட்டது. அந்தப் பெயர்களைச் சைவ அடியார் வரிசைக்குள் கொண்டுவரும் விருப்பம் இந்நால்வர் பெயருக்குப் பின்னால் இருக்கிறது என்று கொள்வதே பொருத்தம். பெயரோடு சேர்த்த தேவநாயனார் என்ற மதிப்புச்சொல், பழைய பெயரைப் போற்றுகிறது. அதே நேரம் வேறுபடுத்தியும் விடுகிறது.

நக்கீரர் வழக்கு இதனினும் சிக்கலானது. நெடுநல்வாடை பாடியவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். திருமுருகாற்றுப்படை பாடியவரும் நக்கீரரே என்பது மரபு. ஆனால் அப்பாட்டின் சொல்லாட்சியையும் முருகனுக்குரிய தலங்களை வரிசையாகக் காட்டும் முறையையும் கொண்டு, அதைப் பிந்தியது என்று வையாபுரிப்பிள்ளை உள்ளிட்ட ஆய்வாளர்கள் கருதினர். அதே திருமுருகாற்றுப்படை பத்துப்பாட்டிலும் இருக்கிறது, பதினோராம் திருமுறையில் நக்கீரதேவ நாயனார் நூல்களுள் ஒன்றாகவும் இருக்கிறது. ஒரே நூல் இரு தொகுப்பிலும் இடம்பெற்றதால், இரு நக்கீரரையும் பிரிக்கும் கோடு அந்த நூலின் நடுவிலேயே ஓடுகிறது. மூன்றாவதாக இறையனார் களவியல் உரை நக்கீரர் பெயரில் நிற்கிறது. அந்த உரை பத்துத் தலைமுறை வாய்வழியாக வந்து முசிறி ஆசிரியர் நீலகண்டனாரை அடைந்தது என்று அதுவே சொல்கிறது. மேற்கோளாக அது காட்டும் பாடல்களில் பெரும்பாலானவை பாண்டிக்கோவையைச் சேர்ந்தவை. அதன் தலைவன் ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியன் நெடுமாறன். ஆகவே உரையின் இன்று கிடைக்கும் வடிவம் அதற்கு முற்பட்டிருக்க முடியாது. பொருள் பழைய நக்கீரருடையது, சொல் பின்னவருடையது என்று சமாதானம் சொல்ல அந்தத் தலைமுறைக் கணக்கு இடம் கொடுக்கிறது. உரையை எழுதியவர்கள் தாமே இந்த இடைவெளியை உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு அதுவே சான்று.

கல்லாடர் நால்வர்: சங்கப் புலவர், திருக்கண்ணப்பதேவர் திருமறம் பாடிய கல்லாடதேவ நாயனார், நூறு அகப்பாடல்களைக் கொண்ட கல்லாடம் இயற்றியவர், தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதியவர். பெருந்தேவனாரும் அவ்வாறே. எட்டுத்தொகை நூல்கள் ஐந்துக்குக் கடவுள் வாழ்த்துப் பாடிய பாரதம் பாடிய பெருந்தேவனார் ஒருவர். தெள்ளாற்றில் வென்ற நந்திவர்மன் காலத்துப் பாரத வெண்பா ஆசிரியர் ஒருவர். வீரராசேந்திர சோழன் காலத்தில் எழுந்த வீரசோழியத்துக்கு உரைகண்டவர் ஒருவர். முன்னிருவரும் பாரதம் பாடியவர்கள் என்பதால் அவர்களை ஒன்றாக்கும் ஆசை எழுவது இயல்பு. கடவுள் வாழ்த்துப் பாடல்களின் ஆசிரிய நடை அதற்குத் தடையாக நிற்கிறது.

பட்டினத்தார் பெயரில் இரண்டு தெளிவான அடுக்குகள் உள்ளன. பதினோராம் திருமுறையில் கோயில் நான்மணிமாலை முதலிய ஐந்து நூல்களுக்கு உரியவர் பட்டினத்துப் பிள்ளையார். அவர் நடை செறிவான சிற்றிலக்கிய நடை. பொருளின் நிலையாமையைப் பாடி, தாய்க்குக் கொள்ளிவைத்துப் புலம்பி, பத்திரகிரியாரோடு அலைந்த சித்தரின் பாடல்கள் பேச்சுத் தமிழுக்கு மிக அருகில் நிற்பவை. அவற்றைத் திருமுறைக் காலத்துக்குக் கொண்டுபோக முடியாது. வணிகர், காவிரிப்பூம்பட்டினத்தவர், துறவி என்ற மூன்று அடையாளங்களும் இருவருக்கும் பொதுவாகச் சொல்லப்படுவதால் கதைகள் எளிதில் ஒட்டிக்கொண்டன.

பெயரை இரவல் கொண்ட நூல்கள்

மேலே கண்டவற்றில் ஆள் உண்டு என்று நம்ப இடமிருக்கிறது. அகத்தியர் பெயரிலுள்ள மருத்துவம், இரசவாதம், சோதிடம், மந்திரம் பற்றிய நூல்களுக்கு அப்படிச் சொல்ல இயலாது. வேதப் புராண முனிவர், அகத்தியம் என்ற இலக்கண நூலாசிரியர், சித்தர் தலைவர் என மூன்று உருவங்கள் அந்தப் பெயரில் அடுக்கடுக்காகப் படிந்துவிட்டன. திருமூலர், இடைக்காடர், திருவள்ளுவர் பெயர்களிலும் சித்த நூல்கள் உள்ளன. சித்தர் நூல்கள் சிலவற்றில் பறங்கிப்பட்டை மருந்தாகச் சொல்லப்படுகிறது. பறங்கிப் புண் என்ற நோய்ப்பெயரும் வருகிறது. பறங்கி என்ற சொல் தமிழுக்கு வந்தது போர்ச்சுக்கீசியர் 1498-இல் கள்ளிக்கோட்டையில் இறங்கிய பிறகே. அந்நூல்களின் இன்றைய வடிவம் எந்தக் காலத்துக்கு முற்பட்டிருக்க முடியாது என்பதை இந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது. இதனால் அவற்றின் மருத்துவ மதிப்புக் குறையாது. ஆசானின் பெயரில் நூல் எழுதுவது அந்த மரபில் பணிவின் அடையாளம். தன் பெயரை முன்வைப்பதே அங்கே மிகை.

திருவள்ளுவமாலை இதற்கு இன்னொரு எடுத்துக்காட்டு. குறளைப் புகழும் ஐம்பதுக்கு மேற்பட்ட வெண்பாக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பழம்புலவர் பெயர். கபிலர், பரணர், நக்கீரர், ஔவையார், இடைக்காடர் எல்லோரும் அங்கே கூடியிருக்கிறார்கள். சங்கம் முழுவதும் எழுந்து நின்று குறளை வாழ்த்துவதாகக் காட்ட விரும்பிய பிற்காலத்தார் படைப்பு அது.

உரைகாரர்களிடம் வேறுவகைச் சிக்கல். இங்கே பட்டமே பெயராக நிற்கிறது. இளம்பூரணர் உரையாசிரியர் என்றே சுட்டப்பட்டார். பேராசிரியர் என்ற பெயரில் தொல்காப்பியத்துக்கும் திருக்கோவையாருக்கும் உரைகள் உள்ளன. குறுந்தொகைக்குப் பேராசிரியர் ஒருவர் எழுதிய உரையில் விடுபட்ட இருபது பாட்டுக்கு நச்சினார்க்கினியர் உரை எழுதினார் என்ற செய்தியும் உண்டு. இவர்கள் ஒருவரா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. இயற்பெயர் கிடைக்காதவரை அது அப்படியே இருக்கும்.

கல்வெட்டில் இதே சிக்கல்

சோழர் மாறிமாறி இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களைப் பூண்டனர். விசயாலயன் பரகேசரி, முதலாம் ஆதித்தன் இராசகேசரி, முதலாம் பராந்தகன் பரகேசரி. முற்காலச் சோழர் கல்வெட்டுகள் பலவற்றில் பட்டமும் ஆட்சியாண்டும் தவிர இயற்பெயர் இல்லை. பரகேசரியின் பத்தாம் ஆட்சியாண்டு என்று மட்டும் ஒரு கோயிற்சுவர் சொன்னால், அது விசயாலயனா, பராந்தகனா, உத்தம சோழனா என்று எழுத்தமைதியையும் சிற்பத்தையும் அதிகாரிகள் பெயரையும் கொண்டு தேட வேண்டும். காவிரிக்கரைக் கற்றளிகள் பலவற்றின் காலம் கலை வரலாற்றாசிரியரிடையே அரை நூற்றாண்டு முன்பின்னாக ஆடுவதற்கு இதுவே காரணம். மதுரைகொண்ட பரகேசரி என்றால் பராந்தகன் எனத் தெளியலாம். ஆனால் மதுரைகொண்ட இராசகேசரி என்றும் கல்வெட்டுகள் உள்ளன, அவற்றைச் சுந்தர சோழனுடையவை எனக் கொள்வது பரவலான முடிவு. இராசராசன் தொடங்கிவைத்த மெய்க்கீர்த்தி வழக்கமே இந்த மயக்கத்தை நீக்கியது. ஒவ்வோர் அரசனுக்கும் தனித் தொடக்கமுடைய மெய்க்கீர்த்தி அமைந்தபின் முதல் வரியைக் கண்டே அரசனை அறிய முடிந்தது.

பிற்காலப் பாண்டியரிடம் நிலைமை இன்னும் கடினம். மாறவர்மன், சடையவர்மன் என்ற பட்டங்கள் மாறிவர, அவற்றின் கீழ்ச் சுந்தரபாண்டியர், குலசேகரர், வீரபாண்டியர் எனச் சில பெயர்களே சுழல்கின்றன. ஒரே காலத்தில் பலர் ஆண்டும் இருக்கிறார்கள். இங்கே உதவியது வானியல். கல்வெட்டில் உள்ள மாதம், திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியவை சேர்ந்து பொருந்தும் நாளைக் கணித்து அரசர்களைப் பிரித்தார்கள். கீல்ஹார்ன், எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை, பின்னாளில் என். சேதுராமன் ஆகியோர் உழைப்பு இதில் அடிப்படையானது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளும் செகராசசேகரன், பரராசசேகரன் என்ற பட்டங்களை மாறிமாறிப் பூண்டவர்கள். செகராசசேகரம், பரராசசேகரம் என்ற மருத்துவ நூல்கள் எந்த அரசன் ஆதரவில் எழுந்தவை என்ற கேள்வி அதனால்தான் எளிதில் முடிவதில்லை.

பெயர்ப் பொருத்தம் எப்போது சான்றாகும்

சிலப்பதிகாரம் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை அரசன் கயவாகு வந்திருந்தான் என்கிறது. இலங்கை வரலாற்றில் கஜபாகு என்ற பெயருடையோர் இருவர்: ஒருவன் கி.பி. இரண்டாம் நூற்றாண்டினன், மற்றவன் பன்னிரண்டாம் நூற்றாண்டினன். பின்னவன் காலம் பொருந்தாது என்பதால் முன்னவனைக் கொண்டு செங்குட்டுவனை இரண்டாம் நூற்றாண்டில் வைத்தார்கள். கனகசபைப் பிள்ளை தம் 1904 நூலில் சங்க காலத்தையே இதன்மேல் கட்டினார். மகாவம்சம் முதலாம் கஜபாகுவைப் பற்றிச் சொல்லும்போது கண்ணகி விழாவைச் சொல்லவில்லை. பத்தினி வழிபாட்டோடு அவனை இணைப்பது பிற்கால நூலான இராஜாவலிய. ஒற்றைப் பெயர் தாங்கக்கூடிய பாரத்தைவிட மிகுதியான பாரம் அதன்மேல் ஏற்றப்பட்டது என்ற விமர்சனம் நியாயமானதே.

கருவூரை அடுத்த புகளூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டு இதனோடு ஒப்பிடத்தக்கது. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறையை அது வரிசையாகச் சொல்கிறது. பதிற்றுப்பத்தின் ஏழு, எட்டு, ஒன்பதாம் பத்துகளுக்குரிய இரும்பொறை மரபினரோடு இவ்வரிசை பெரிதும் ஒத்துப்போகிறது. பெயர் ஒன்று ஒத்தால் தற்செயல். மூன்று பெயர் உறவு முறையோடும் இடத்தோடும் ஒத்தால் அதைப் புறந்தள்ள முடியாது. 1981-இல் திருக்கோவலூருக்கு அருகே சம்பையில் கண்டெடுத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் அப்படிப்பட்டது. அதில் அதியன் நெடுமான் அஞ்சி என்று முழுப்பெயரும் சதியபுதோ என்ற குடிப்பெயரும் உள்ளன. அசோகன் கல்வெட்டுகள் சுட்டும் சதியபுத்திரர் யார் என்ற கேள்விக்கு விடை கிடைத்ததோடு, அந்த அதியனைப் பாடிய ஔவைக்கும் காலம் கிடைத்தது. மாங்குளம் கல்வெட்டில் உள்ள நெடுஞ்செழியனுக்கு இத்தகைய துணைச்செய்தி இல்லை. எழுத்தமைதியால் கி.மு. இரண்டாம் நூற்றாண்டினன் எனப்படும் அவனைச் சங்கப் பாடலில் வரும் நெடுஞ்செழியருள் ஒருவனோடு அவசரப்பட்டுச் சேர்க்க ஐராவதம் மகாதேவன் போன்ற கல்வெட்டறிஞர்கள் தயங்கியது சரியே.

தீராத வழக்குகள்

புறநானூற்றிலும் நற்றிணையிலும் வரும் பொய்கையார், கோச்செங்கணான் போரைப் பாடிய களவழி நாற்பதின் பொய்கையார், முதல் திருவந்தாதி பாடிய பொய்கையாழ்வார் ஆகியோருள் யார் யார் ஒருவர் என்பதில் இன்னும் முடிவில்லை. ஆழ்வாரைத் தனியே வைப்பதில் பெரும்பாலோர் உடன்படுகிறார்கள். முன்னிருவரைப் பற்றி அப்படியொரு உடன்பாடு இல்லை.

சாத்தனார் வழக்கு அதைவிட நுட்பமானது. சங்கத் தொகைகளில் பத்துப் பாடல்களுக்கு உரியவர் மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். மணிமேகலைப் பதிகம் அதன் ஆசிரியரைக் கூலவாணிகன் சாத்தன் என்கிறது. சிலப்பதிகாரப் பதிகத்திலும் அதே கூலவாணிகன் வருகிறான். பெயரும் தொழிலும் பொருந்துகின்றன. சீத்தலை என்ற அடைமொழி மட்டும் காப்பியப் பதிகத்தில் இல்லை. ஆனால் மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை பௌத்த அளவை நூலைத் திக்நாகர் மரபில் விரித்துரைக்கிறது. அந்த மரபு கி.பி. ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளுக்கு உரியது. அக்காதை இடைச்செருகல் என்று கொள்பவர்கள் இரு சாத்தனாரையும் ஒருவராக்குகிறார்கள். காப்பியம் முழுவதும் ஒரே கையால் எழுதப்பட்டது என்று கொள்பவர்கள் இருவராகப் பிரிக்கிறார்கள். அளவைக் காதையின் நடையையும் சொற்களையும் மற்றக் காதைகளோடு முழுமையாக ஒப்பிட்ட பிறகே இதில் ஒரு பக்கம் சாய முடியும்.